அயர்லாந்துக்காரர் கெல்ட், ஆங்கிலேயர் சாக்சன்: இந்தப் பிரிப்பு எவ்வளவு தூரம் சரி?

தொல்தடம் (கேள்வி)

"அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மக்கள் கெல்ட்டுகள், ஆங்கிலேயர்கள் வடகடலைத் தாண்டி வந்த சாக்சன்கள்" என்றுதான் பொதுவாக எழுதுகிறார்கள். பழைய எலும்புகளின் டிஎன்ஏ ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் கணக்கு உதைக்கிறது. கி.மு. 2450 வாக்கில் வந்தவர்கள் பிரிட்டனின் மரபணுவில் 90% அளவை மாற்றிவிட்டார்கள் என்கிறது 2018 ஆய்வு. கி.மு. 1000ஐ ஒட்டி வந்தவர்கள் பாதியை மாற்றினார்கள் என்கிறது 2022இல் வந்த ஒன்று. அதே 2022இல் வந்த இன்னொன்று, ஆங்கிலோ-சாக்சன் காலத்துக்கு (கி.பி. 5ஆம் நூற்றாண்டு முதல்) 76% என்கிறது. மூன்றையும் கூட்டினால் 200ஐத் தாண்டுகிறதே!

இவற்றை எப்படிச் சேர்த்துப் படிப்பது? இரண்டு தீவுக்காரர்களுக்கும் பொதுவான வேர் என்று எதைக் காட்டலாம்? கெல்டிக் மொழி எந்த அலையோடு வந்தது? ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையின் பாஸ்க் பகுதியிலிருந்து வந்தவர்கள்தான் இவர்களின் முன்னோர் என்று 2006 வாக்கில் பலமாகப் பேசப்பட்டதே, அது என்ன ஆயிற்று?

மரபுச்சரடு

கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். ஒவ்வொரு சதவீதமும் அந்த அலைக்கு முன்பு அங்கே இருந்தவர்களை 100 என்று வைத்துச் சொன்னது.

புதிய கற்கால உழவர்களை 100 என்று வையுங்கள். கி.மு. 2450 வாக்கில் பீக்கர் பானைக்காரர்கள் (மணிவடிவப் பானைகளால் பெயர் பெற்றவர்கள்) வந்தபின் மிச்சம் 10. பிந்தைய வெண்கலக் காலத்தில், அதுவும் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் மட்டும், பாதி மாறியது, மிச்சம் 5. ஆங்கிலோ-சாக்சன் காலத்திலும் அதன் பிறகும் இன்னொரு பாதி போனதாகக் கொண்டால் 2 அல்லது 3. தென் இங்கிலாந்தின் பெருங்கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்சை முதலில் எழுப்பியவர்களின் நேரடிப் பங்கு இன்றைய ஆங்கிலேயரிடம் இவ்வளவு சின்னது.

இதற்கு அடுத்த படியில்தான் பலர் வழுக்குகிறார்கள். "அப்படியானால் உழவர் வழி மரபணுவே 3%தான்" என்று எழுதிவிடுகிறார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஐரோப்பாவில் இருந்த வேறு உழவர்களோடு கலந்துதான் வந்தார்கள். பீக்கர்காரர்களிடமே ஏறத்தாழ பாதி கிழக்கு ஐரோப்பியப் புல்வெளி மேய்ப்பர் வழி. மற்ற பாதியில் பெரும்பங்கு கண்டத்து உழவர் வழி. அதனால் இன்று இரண்டு தீவுகளிலும் அனத்தோலியாவில் (இன்றைய துருக்கி) தொடங்கிய உழவர் வழி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி உள்ளூர்க் கற்கல்லறை கட்டியவர்கள் வழி வந்ததல்ல, பின்னால் வந்தவர்கள் சுமந்து வந்தது. அளவு பெரிது, ஆனால் வந்த வழி வேறு. இந்த இரண்டையும் பிரிக்காமல் எழுதிய கட்டுரைகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று முட்டுவதுபோலத் தெரியும்.

76% பற்றி: அது இன்றைய ஆங்கிலேயரின் அளவு அல்ல. கிழக்கு, தெற்கு இங்கிலாந்தின் முற்கால இடைக்காலக் கல்லறைகளில் கிடைத்தவர்களின் சராசரி. அதே ஆய்வில் இன்றைய இங்கிலாந்துக்குக் கிடைத்த எண் இடத்துக்கு இடம் 25 முதல் 47% வரை. மிச்சத்தில் ஒரு பங்கு இரும்புக் காலப் பிரிட்டன் மக்களுடையது. இன்னொரு பங்கு, 14 முதல் 43% வரை, இரும்புக் காலப் பிரான்ஸ் மக்களை ஒத்தது. இந்த மூன்றாம் பங்கைப் பற்றி யாரும் தலைப்பு போடுவதில்லை. ஆனால் ஆங்கிலேயரை அயர்லாந்துக்காரரிடமிருந்து தள்ளி வைப்பதில் சாக்சன் பங்கைப் போலவே இதற்கும் கை இருக்கிறது.

பொதுவான வேர் பீக்கர் காலத்து வரவுதான். பிரிட்டனின் புதிய கற்கால ஆண் எலும்புகளில் ஆர்1பி என்ற தந்தைவழிக் கிளை அறவே இல்லை, பெரும்பாலும் ஐ2ஏ என்ற வேறு கிளை. கி.மு. 2450க்குப் பிறகு 90 சதவீதத்துக்கு மேல் ஆர்1பி. அயர்லாந்திலும் அதே கதை. பெல்ஃபாஸ்ட் அருகே பாலினஹட்டியில் கிடைத்த பெண் கி.மு. 3300-3000 காலத்தவர், மரபணுவில் இன்றைய சார்டினியா, ஸ்பெயின் மக்கள் பக்கம் நிற்கிறார். வடகரையை ஒட்டிய ராத்லின் தீவில் 2006இல் ஒரு மதுக்கடைக்குப் பின்னால் தோண்டியபோது கிடைத்த மூன்று ஆண்கள் கி.மு. 2000-1500 காலத்தவர்கள், இன்றைய அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மக்களோடு நெருக்கமாகப் போய் ஒட்டுகிறார்கள். இடையே ஆயிரம் ஆண்டு. ஆள் மாறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோடி கிடைப்பது அரிது.

ஆக, இரு தீவுக்கும் அடித்தளம் ஒன்றுதான். அதன் மேல் எத்தனை அடுக்கு விழுந்தது என்பதில்தான் வித்தியாசம். அயர்லாந்தில் குறைவு, தென்கிழக்கு இங்கிலாந்தில் அதிகம்.

பாஸ்க் கதை சாய்ந்ததற்குக் காரணம் எளிது. அப்போது கையில் இருந்தவை உயிரோடு இருப்பவர்களின் மாதிரிகள் மட்டும். பாஸ்க் ஆண்களிடமும் அயர்லாந்து ஆண்களிடமும் ஆர்1பி மிக அதிகம். பாஸ்க் மொழி மிகப் பழையது. ஆகவே அவர்கள் மரபணுவும் பனிக்காலத்தது. ஆகவே ஆர்1பியும் பனிக்காலத்தது என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பழைய எலும்புகள் வந்ததும் நடுக்கண்ணி அறுந்தது: ஆர்1பியின் அந்தப் பெருங்கிளை ஐபீரியாவுக்கே (ஸ்பெயின், போர்ச்சுகல்) கி.மு. 2500க்குப் பிறகு புல்வெளி வழி போய்ச் சேர்ந்தது. இரண்டு பேரும் ஒரே மூன்றாமவரிடம் வாங்கிய கடனை, ஒருவர் மற்றவருக்குக் கொடுத்ததாகப் படித்துவிட்டார்கள்.

கற்குவை

மரபுச்சரடு சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். 90% விஷயத்தில் மட்டும் இரண்டு திருத்தங்கள்.

முதலாவது, ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகள். வெஸ்ட்ரே தீவின் லிங்க்ஸ் ஆஃப் நோல்ட்லேண்ட் என்ற இடத்து வெண்கலக் கால எலும்புகளை 2022இல் வெளியிட்டார்கள். அங்கேயும் மரபணு பெரிதும் மாறியிருக்கிறது, ஆனால் தந்தைவழி மாறவில்லை. உள்ளூர்ப் பழைய ஐ2ஏ கிளை ஆயிரம் ஆண்டுக்கு மேல் தாக்குப் பிடித்திருக்கிறது. அப்படியானால் வெளியிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். "வந்த ஆண்கள் உள்ளூர் ஆண்களை ஒழித்தார்கள்" என்று எல்லா இடத்துக்கும் ஒரே வரியில் எழுதுவது அங்கே செல்லாது.

இரண்டாவது, எரியூட்டல். கி.மு. 3000 முதல் 2450 வரை பிரிட்டனில் பிணத்தை எரிப்பது பரவலான வழக்கம். ஸ்டோன்ஹெஞ்சிலேயே அந்தக் காலத்து எரிசாம்பல் புதைப்புகள்தான் உள்ளன. எரிந்த எலும்பில் டிஎன்ஏ கிடைக்காது. ஆகவே பீக்கர்காரர்களை ஒப்பிடுவது அவர்களுக்கு உடனே முன்னால் இருந்தவர்களோடு அல்ல, பல நூறு ஆண்டு மூத்தவர்களோடு. அந்த இடைவெளியில் மக்கள்தொகை ஏற்கெனவே சுருங்கியிருந்தால், "மாற்றினார்கள்" என்ற வினைச்சொல்லின் கனமே குறைந்துவிடும்.

அதே எரியூட்டல்தான் கெல்டிக் கேள்வியையும் இழுத்தடிக்கிறது. அயர்லாந்தின் பிந்தைய வெண்கலக் காலத்திலும் இரும்புக் காலத்திலும் எரியூட்டலே மேலோங்கியது. கி.மு. 1000-875 வாக்கில் தெற்கு பிரிட்டனில் தெரியும் அந்தப் பாதி மாற்றத்துக்கு கென்ட் பகுதியின் கிளிஃப்ஸ் எண்ட் பண்ணை போன்ற இடங்களில் எலும்பு இருக்கிறது. அயர்லாந்தில் அதே நூற்றாண்டுகளை வரிசையாகக் காட்ட எலும்பு இல்லை.

படிக்கும்போது தேதியில் நடக்கும் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தலைப்பில் பாதிக் குழப்பம் அங்கிருந்துதான்.

ஆய்வுகளில் "இன்றைக்கு முன்" என்று வரும் எண்ணுக்குத் தொடக்கப்புள்ளி 1950. 4400 இ.மு. என்பதை யாரோ கி.மு. 4400 என்று எழுதிவிட, பீக்கர்காரர்கள் உழவுக்கே முந்தியவர்களாகிவிடுகிறார்கள். அளவுத்திருத்தம் செய்யாத (மரவளையங்களோடு ஒப்பிட்டுச் சரிசெய்யாத) கதிரியக்கக் கார்பன் தேதியை அப்படியே ஆண்டாகப் படிப்பது அடுத்த தவறு. மூன்றாவது, கி.மு. 800 முதல் 400 வரை அளவுத்திருத்த வளைகோடு ஏறக்குறையத் தட்டையாகப் படுத்துக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டில் எங்கே செத்தாலும் ஏறத்தாழ ஒரே விடைதான் வரும். இரும்புக் காலத் தொடக்கமும் கெல்ட் விவாதத்தின் சூடான பகுதியும் சரியாக அந்தத் தட்டைக்குள் விழுகின்றன, என்ன செய்வது. நான்காவது, கடல் மீன் தின்றவர்களின் எலும்பு உண்மையைவிடச் சில நூறு ஆண்டு மூத்ததாகக் காட்டும். கடலின் ஆழ்நீரில் பழைய கார்பன் தேங்கிக் கிடப்பதே காரணம். கரையோர வேட்டையாடிகளின் தேதியைப் பார்க்கும்போது கடல் திருத்தம் சேர்த்தார்களா என்று பாருங்கள்.

பொதுப் பாரம்பரியம் என்றால் மரபணுவோடு நிற்க வேண்டாம். பிரிட்டன் கி.மு. 6100 வாக்கில்தான் டாகர்லேண்ட் (இன்று வடகடல் இருக்கும் இடத்தில் அன்று இருந்த நிலம்) மூழ்கிக் கண்டத்திலிருந்து முழுக்கப் பிரிந்தது. அயர்லாந்து அதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பே தீவு. கி.மு. 7700 வாக்கில் அயர்லாந்தின் வடக்கே மவுண்ட் சாண்டலில் குடிசை போட்டவர்கள் படகில்தான் வந்தார்கள். அங்கே சிவப்பு மான் இல்லை. கிடைத்த எலும்புகளில் காட்டுப்பன்றியும் சால்மன், விலாங்கு மீன்களும் அதிகம், கூடவே ஹேசல் கொட்டை ஓடுகள். அந்தப் பன்றியையும் மனிதர்களே படகேற்றிக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

உழவர் காலத்தில் இரு தீவுகளின் மரபணுவைப் பிரித்தறிவதே கடினம். கட்டுமானமும் அப்படியே: அயர்லாந்தின் நியூகிரேஞ்ச், வேல்ஸ் பக்கத்து ஆங்கிள்சி தீவின் பிரின் கெல்லி ஜி, ஆர்க்னியின் மேஸ்ஹவ் மூன்றும் நடைவழிக் கல்லறைகள். நியூகிரேஞ்சுக்குள் குளிர்காலக் கதிர்த்திருப்பத்தின் (ஆண்டின் மிகக் குறுகிய பகல்) உதயம் நுழையும், மேஸ்ஹவில் அதே பருவத்து அஸ்தமனம், பிரின் கெல்லி ஜியில் கோடைக் கதிர்த்திருப்பத்தின் உதயம்.

பீக்கர் காலத்தில் இணைப்புக்குச் சாட்சி செம்பு. தென்மேற்கு அயர்லாந்தின் கில்லார்னி அருகே ராஸ் தீவுச் சுரங்கத்தில் கி.மு. 2400 வாக்கில் தோண்டத் தொடங்கினார்கள். சுரங்கத்தார் குடியிருந்த இடத்தில் பீக்கர் பானை ஓடுகளே கிடைத்தன. அந்தச் செம்பில் ஆர்செனிக் கலந்திருக்கும். அந்த முத்திரையை வைத்தே பிரிட்டனில் கிடைத்த தொடக்ககாலக் கோடரிகள் பலவற்றை ராஸ் தீவுச் செம்பு என்று அடையாளம் காண முடிகிறது. வெண்கலத்துக்குத் தேவையான வெள்ளீயமோ கார்ன்வால் பக்கம். ஒரு கடற்கரையில் செம்பு, எதிர்க்கரையில் வெள்ளீயம் இருக்கும்போது நடுவில் இருக்கும் கடல் யாரையும் பிரிக்காது.

ஓகக்கோடு

மொழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம்: கெல்ட் என்பது இந்தத் தீவுகளைப் பொறுத்தவரை மொழிக்குடும்பத்தின் பெயர். பண்டைய எழுத்தாளர்கள் யாரும் பிரிட்டன், அயர்லாந்து மக்களைக் கெல்ட்டுகள் என்று அழைக்கவில்லை. அந்தப் பெயரைக் கண்டத்து மக்களுக்குத்தான் வைத்தார்கள். 1707இல் எட்வர்ட் லூயிட் வேல்ஷ், ஐரிஷ், கார்னிஷ், பிரெட்டன் மொழிகளை ஒப்பிட்டு வெளியிட்ட பெருநூலுக்குப் பிறகுதான் அது இங்கே ஒட்டிக்கொண்டது.

இந்தக் குடும்பத்தில் இரண்டு கிளைகள். ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மாங்ஸ் ஒரு பக்கம். வேல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் மறுபக்கம். தமிழ் பால் கன்னடத்தில் ஹாலு ஆவதும், பள்ளி ஹள்ளி ஆவதும் தெரிந்தவர்களுக்கு இந்த ஒப்பீடு உடனே பிடிபடும். மூலத்தில் இருந்த "க்வ" ஒலி ஐரிஷில் "க" ஆனது, வேல்ஷில் "ப" ஆனது:

தலை: ஐரிஷ் கியான், வேல்ஷ் பென்
மகன்: மாக், மாப்
ஐந்து: கூக், பிம்ப்

இதேபோல ஐரிஷின் முதலெழுத்து "ச" வேல்ஷில் "ஹ" ஆகும். உப்பு அங்கே சலன், இங்கே ஹாலென். "முதிய" என்பதற்கு அங்கே ஷான், இங்கே ஹேன். இந்தச் சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்ப் பெயர் வரைபடத்தைத் திறந்தால் நேரம் போவதே தெரியாது. ஆற்றுமுகத்துக்கு வேல்ஷ் வழியில் அபெர், கேலிக் வழியில் இன்வெர்: ஸ்காட்லாந்தில் அபெர்டீனும் இன்வெர்னஸும் இருப்பதைப் பாருங்கள், ஒரே நாட்டில் இரண்டு கிளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கிறது. இங்கிலாந்துக்குள் ஏவன் என்று பல ஆறுகள் உண்டு. வேல்ஷில் ஆவன் என்றாலே ஆறு. வந்த சாக்சன்கள் பொதுச்சொல்லைப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். "ஆறு ஆறு" என்றுதான் இன்றும் அழைக்கிறார்கள்.

இரு கிளைகளும் ஒருவரை ஒருவர் எப்படிக் கேட்டார்கள் என்பதற்கு ஒரு கல்லே இருக்கிறது. தென்மேற்கு வேல்ஸின் காஸ்டெல்துவிரன் என்ற இடத்தில் கிடைத்த நினைவுக்கல். லத்தீன் எழுத்தில் "வோட்டெபோரிகிஸ்" என்றும், கல்லின் ஓரத்தில் ஐரிஷ் ஓகம் எழுத்தில் "வோட்டெகோரிகாஸ்" என்றும் ஒரே ஆளின் பெயரை வெட்டியிருக்கிறார்கள். "போ" இருந்த இடத்தில் "கோ". ஓகத்தின் இருபது எழுத்துகளில் "ப" கிடையாது, அப்போதைய ஐரிஷிலும் அந்த ஒலி கிடையாது. உயிர்த்தெழுதல் பெருநாளின் லத்தீன் பெயர் பாஸ்கா, ஐரிஷில் காஷ்க் என்று நுழைந்ததும் அதனால்தான்.

கெல்டிக் மொழி இங்கே எப்போது வந்தது? மூன்று கட்சிகள்: பீக்கரோடு கி.மு. 2400இல், பிந்தைய வெண்கலக் காலத்தில் கி.மு. 1000ஐ ஒட்டி, இரும்புக் காலத்தில். முதல் கட்சிக்கு எதிராக வைக்கப்படும் வாதம் இரும்பு. ஐரிஷ் இயரன், வேல்ஷ் ஹையர்ன் இரண்டும் "இசர்னோ" என்ற ஒரே மூலச்சொல்லின் ஒழுங்கான வளர்ச்சி. இரும்பு இங்கே புழக்கத்துக்கு வருவது கி.மு. 800 வாக்கில். 2400இலேயே இந்த மொழிகள் தனித்தனியாகப் போயிருந்தால் ஒரே இரும்புச் சொல் எப்படி? பின்னால் கடன் வாங்கியிருக்கலாம், ஒலிமாற்றம் இன்னும் தொடங்காத நெருங்கிய பேச்சு வழக்குகளாக இருந்திருந்தால் அது ஒழுங்காகவே தெரியும் என்பது அவர்கள் பதில். என் சாய்வு நடுக்கட்சிக்கு. ஆனால் கற்குவை சொன்ன எலும்புப் பஞ்சம் தீராமல் அயர்லாந்துப் பக்கம் பூட்டு திறக்காது.

ஒரு எச்சரிக்கை. மரபணு மாறாமலும் மொழி மாறும், இன்றைய அயர்லாந்தே சாட்சி: பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலம். அதனால் "90% மாறியது, ஆகவே மொழியும் அப்போதே வந்தது" என்பது தானாக வராது.

தொல்தடம்

தெளிவான பதில்கள், நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். எச்சில் எடுத்து அனுப்பும் வணிகச் சோதனைகளில் "ஸ்காட்லாந்து 30%, அயர்லாந்து 12%" என்று வருகிறதே, அதுவும் இந்த அடுக்குகளும் ஒன்றா? இன்னொன்று, "பிரிட்டிஷ் தீவுகள்" என்ற சொல்லை அயர்லாந்துக்காரர்கள் விரும்புவதில்லை என்கிறார்கள். தமிழில் எழுதும்போது என்ன போடுவது?

மரபுச்சரடு

ஒன்றல்ல. அந்தச் சோதனை உங்கள் டிஎன்ஏ துண்டுகளை இன்று உயிரோடு இருக்கும் மாதிரி ஆட்களோடு ஒப்பிடுகிறது. அது எட்டிப் பார்ப்பது சில நூறு ஆண்டு. பீக்கர், சாக்சன் அடுக்குகளை அது அளப்பதே இல்லை.

பிழை எங்கே வரும் என்றால், அடித்தளம் ஒன்றாக இருப்பதால் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து மாதிரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஒரே துண்டு மூன்றிலும் பொருந்தும். மென்பொருள் எதிலாவது ஒன்றில் போட வேண்டும், போடுகிறது. மாதிரிக் குழுவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதே ஆளின் ஸ்காட்லாந்து 30, 12 ஆகி மறுபடி ஏறுவது இதனால்தான். வடக்கு அயர்லாந்துக் குடும்பங்களில் இன்னும் சிக்கல், ஏனென்றால் 1609இல் தொடங்கிய அல்ஸ்டர் குடியேற்றத்தில் தென் ஸ்காட்லாந்துக்காரர்கள் பெருமளவில் அங்கே போய்க் கலந்தார்கள். ஒற்றை இலக்கச் சதவீதங்களை வைத்து முடிவு எதுவும் கட்டாதீர்கள். உடன்பிறந்தவர்களுக்கே வேறு வேறு எண் வரும். ஒவ்வொருவரும் பெற்றோரிடமிருந்து எடுத்த பாதி வேறு.

வேறுபாடு சுத்தமாகத் தெரிய வேண்டுமானால் 2015இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வின் முறையைப் பாருங்கள். நாட்டுப்புறத்தார் 2,039 பேர். தாத்தா பாட்டி நால்வரும் 80 கிலோமீட்டருக்குள் பிறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி எடுத்தால் 20ஆம் நூற்றாண்டுப் பெரும் நகர்வுகளுக்கு முந்தைய படம் கிடைக்கும். 17 கொத்துகள் வந்தன. கார்ன்வாலும் டெவனும் தனித்தனி. ஆர்க்னியில் கால்பங்கு நார்வே வழி. முக்கியமானது இதுதான்: "கெல்ட்" என்று ஒரு கொத்து உருவாகவே இல்லை. வடவேல்ஸும் கார்ன்வாலும் ஒன்றிலிருந்து மற்றொன்று தள்ளி நிற்கின்றன. டென்மார்க் வைக்கிங்குகளின் தடமும் தனியாக விழவில்லை. ஆங்கிலோ-சாக்சன்கள் கிளம்பிய நிலப்பரப்பும் இந்த வைக்கிங்குகள் கிளம்பியதும் ஏறத்தாழ ஒன்று, பிரிக்க முடியாது.

இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்களில் நீங்களே மாதிரி போட்டுப் பார்ப்பதாக இருந்தால்: தொலைமூலங்களையும் அண்மைமூலங்களையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். புல்வெளி மேய்ப்பர், அனத்தோலிய உழவர், மேற்கு வேட்டையாடி மூவரையும் போட்டால் அது தொலைமூலக் கணக்கு. பீக்கர் பிரிட்டன், இரும்புக் காலப் பிரான்ஸ், சாக்சன் மூன்றும் அண்மைமூலக் கணக்கு. புல்வெளியையும் பீக்கரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், ஒரே பங்கை இரண்டு பேரும் இழுப்பார்கள். வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. அழகான வட்ட வரைபடமாக வேறு வந்துவிடும், அதுதான் ஆபத்து.

இன்னொரு பழைய பிழை: வடமேற்கு அயர்லாந்து ஆண்களில் அதிகமாக இருக்கும் எம்222 கிளையை 2006இல் ஐந்தாம் நூற்றாண்டு அரசன் நியாலின் வாரிசுகள் என்று அறிவித்தார்கள். பின்னால் ஆழமாக வரிசைப்படுத்தியபோது கிளை நியாலைவிடப் பல நூற்றாண்டு மூத்தது என்று ஆனது. அவர் குடும்பம் அந்தக் கிளையைச் சுமந்திருக்கலாம். அதைத் தொடங்கியவர் அவரல்ல.

பெயர்க்கிடங்கு

சொல் பற்றி: அயர்லாந்து அரசு "பிரிட்டிஷ் தீவுகள்" என்பதைப் பயன்படுத்துவதில்லை. "பிரிட்டனும் அயர்லாந்தும்" என்று எழுதுங்கள். ஒரு சொல் கூடும், வம்பு குறையும்.

வேடிக்கை என்னவென்றால் இந்தப் பெயர்கள் எல்லாமே கடல் தாண்டி மாற்றிப் போட்டுக்கொண்டவை. கி.மு. நான்காம் நூற்றாண்டில் மார்செய்ல்ஸ் கிரேக்கரான பைத்தியாஸ் கேட்டுப்போன பெயர் "ப்ரெத்தானி" போன்ற ஒன்று. வேல்ஷில் பிரிட்டனுக்கு இன்றும் ப்ரதைன். ஓகக்கோடு சொன்ன ப/க சூத்திரத்தைப் போட்டால் அதன் ஐரிஷ் இணை "க்ருஹின்". வடக்கே இருந்த பிக்ட் மக்களுக்கும், அல்ஸ்டரிலேயே இருந்த ஒரு குலத்துக்கும் ஐரிஷ்காரர்கள் வைத்த பெயர். ஆக "பிரிட்டன்" என்ற சொல்லின் உடன்பிறப்பு அயர்லாந்துக் குலப்பெயராக உலவியிருக்கிறது. ஸ்காட்டி என்று ரோமர்கள் சொன்னது அயர்லாந்துக்காரர்களை. ஆல்பா என்று இன்று கேலிக்கில் ஸ்காட்லாந்தைச் சொல்வது முன்பு முழு பிரிட்டனுக்கும் உரிய பெயர், ஆல்பியன் என்பதன் வடிவம். கேலிக் பேசுவோரைக் குறிக்கும் "கேல்" என்ற சொல்லே பழைய வேல்ஷிலிருந்து ஐரிஷுக்குப் போன கடன் என்பதுதான் பெரும்பான்மை மொழியியலாளர் கருத்து. "வேல்ஸ்" என்பதோ ஆங்கிலேயர் வைத்த பெயர். அவர்கள் வாயில் அந்நியன் என்று பொருள்.

கற்குவை

கட்டுரையாக எழுதப் போகிறீர்கள் என்றால் கடைசியாக ஒன்று. கி.பி. 500 வாக்கில் வடகிழக்கு அயர்லாந்தின் ஆண்ட்ரிமிலிருந்து ஃபெர்கஸ் மோர் என்ற அரசன் தலைமையில் ஒரு கூட்டம் மேற்கு ஸ்காட்லாந்தின் ஆர்கைலுக்குப் பெயர்ந்து ஸ்காட்லாந்தை நிறுவியது என்று அம்புக்குறி போட்ட வரைபடங்கள் எங்கும் கிடைக்கும். அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஆர்கைலில் அந்தத் தேதியில் வீட்டு வடிவமோ நகையோ கோட்டை அமைப்போ அயர்லாந்து மாதிரிக்கு மாறியதற்குத் தடயம் இல்லை என்று 2001 முதலே தொல்லியல் தரப்பில் வலுவான மறுப்பு இருக்கிறது. ஆர்கைலின் கிண்டையர் முனையிலிருந்து ஆண்ட்ரிம் கரைக்குக் கடல்வழி ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். கிழக்கே பிக்ட்களை எட்ட மலைத்தொடரைக் கடக்க வேண்டும். அந்தக் கரையில் ஐரிஷ் பேசியவர்கள் தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்திருக்கலாம் என்பதற்கு வரைபடத்தில் அம்பு வேண்டாம். ஒரே நிறத்தில் இரண்டு கரையையும் தீட்டினால் போதும்.